சிவப்பு படாத பக்கங்கள்

“என் பக்கங்களை நீங்க பாக்கிறதே இல்ல, மதாம்.”

ஞானாதிக்கம் நரைத்த மனிதர். தொழில் சொல்லிக்கொடுத்த குருவைவிட வயதில் மூத்தவர். குறை சொல்ல வந்தால் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

குரு லூசியா மதாம் தலை நிமிரவில்லை. கணினிச் சாதனங்களின் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றித் தரும் சின்ன அலுவலகம் அவருடையது. புதுச்சேரியில், கடற்கரைக்குப் பக்கத்தில்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிழை இருந்தால் மதாம் சிவப்பில் சுழிப்பார். இல்லையென்றால் கையெழுத்து. பாராட்டு என்ற ஒன்றை அந்த அலுவலகத்தில் யாரும் கண்டதில்லை.

“கையெழுத்துப் போட்டுத்தான தரேன்?”

“படிக்காமப் போடுறீங்க.”

“ஆமா.”

“ஹமீதாவோட மட்டும் கண்ணாடிக் கதவச் சாத்திக்கிட்டு தினம் உக்காந்து படிக்கிறீங்க.”

“ஆமா.”

அவ்வளவுதான் பதில்.

ஞானாதிக்கம் தன் மேசைக்குத் திரும்பினார்.

ஹமீதா காரைக்காலிலிருந்து புதிதாக வந்தவள். ஒவ்வொரு மதியமும் ஒரு கட்டுக் காகிதத்தோடு மதாமின் அறைக்குள் போவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் குனிந்திருக்கும். சில நாள் சிரிப்புக்கூடக் கேட்கும். தன்னோடு மதாம் கடைசியாக எப்போது சிரித்தார் என்று ஞானாதிக்கம் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து அதை அழகுபடுத்த வேண்டியதில்லை.

அவளிடம் அப்படி என்ன இருக்கிறது? மதாமின் முதல் பாடத்திலேயே தடுமாறுகிறவள்.

அந்த முதல் பாடம் இதுதான். திரையில் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்பது ஒன்று. ஓர் அங்குலத்துக்குள் அந்தப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்பது வேறொன்று. ஆங்கிலக்காரர்கள் பெரும்பாலும் இரண்டையுமே ரெசொல்யூஷன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிரெஞ்சில் மதாமிடம் அது நடக்காது. மொத்தக் கணக்கு என்றால் தெஃபினிசியோன். நெருக்கம் என்றால் மட்டுமே ரெசொலுசியோன்.

ஞானாதிக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்வார்.

அன்று அவர் கையில் இருந்தது, டாக்டர்கள் எக்ஸ்ரே பார்க்கும் திரைக்கான கையேடு. மொத்தப் புள்ளிகளைப் பற்றிய பக்கம் வந்தது.

தெஃபினிசியோன் என்று எழுதினார்.

கண்ணாடி அறையைப் பார்த்தார்.

அடித்துவிட்டு ரெசொலுசியோன் என்று எழுதினார். பக்கம் முழுக்க, தெரிந்தே.

இதைப் பார்த்தால் மதாமுக்குக் கோபம் தலைக்கேறும். சிவப்பை எடுப்பார். “இங்க வாங்க ஞானாதிக்கம், உக்காருங்க” என்பார். போதும், அது போதும் அவருக்கு.

மாலையில் கட்டு திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. சிவப்பு எங்கேயும் இல்லை.

மறுநாள் மதியம் ஹமீதா அவர் மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“அண்ணே, கேமரா கையேடு மொத்தமும் தப்பாப் பண்ணிட்டேன். எல்லாத்தையும் மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு.”

ஞானாதிக்கத்துக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. மறைப்பானேன்.

“என்ன தப்பு?”

“மொத்தப் புள்ளிக்கு தெஃபினிசியோன்னு போட்டிருந்தேன்.”

“அது சரிதானம்மா!”

“நீங்க ரெசொலுசியோன்னு போட்டிருக்கீங்களே, அண்ணே. எக்ஸ்ரே கையேட்டுல.”

“அது உன் கைக்கு எப்படி வந்துச்சு?”

ஹமீதா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“உங்க பக்கங்களத்தான தினமும் படிக்கிறோம்? மதாம் எனக்குப் பாடம் சொல்றதே அத வச்சுத்தான். உங்களுக்குத் தெரியாதா?”

ஞானாதிக்கம் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னைக்குப் பாடத்துக்குன்னு எக்ஸ்ரே கட்டக் காலைலயே புரட்டினேன். நான் எழுதினதும் அண்ணன் எழுதினதும் வேற வேறயா இருக்குன்னு மதாம்கிட்ட கேட்டேன். போன்ல பேசிக்கிட்டிருந்தாங்க. எந்த வார்த்தைன்னுகூடக் கேக்கல. ஞானாதிக்கம் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், உன்னோடத மாத்துன்னுட்டாங்க.”

அவள் போன பிறகு ஞானாதிக்கம் எக்ஸ்ரே கையேட்டின் நகலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

“மதாம், இதுல ஒரு பக்கம் தப்பு.”

“உங்களோடதுலயா?”

“தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

மதாம் பேனாவைக் கீழே வைத்தார்.

“எதுக்கு?”

“நீங்க என் பக்கத்தப் பாக்கணும்னு.”

மதாம் அச்சகத்துக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு ஹமீதாவைக் கூப்பிட்டு, “நீ முதல்ல எழுதினதுதான் சரி. அதையே வை” என்றார்.

அவள் போனதும் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க.”

ஞானாதிக்கம் உட்கார்ந்தார். எத்தனையோ நாளாக ஏங்கிய நாற்காலி.

மதாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கட்டின் முதல் பக்கத்தை எடுத்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

“அங்க இல்ல, மதாம். நடுவுல ஒரு பக்கம் மட்டும்தான். மத்ததெல்லாம் சரியா இருக்கும்.”

மதாம் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“அது எனக்கு எப்படித் தெரியும், ஞானாதிக்கம்?”