சிவக்கும் தண்ணீர்

கடற்கரை விகாரையை நிறுவிய ஆதித் தேரர் பாறையைக் கோலால் ஒருமுறை தட்டினாராம், கிணறு பிறந்ததாம். அந்தக் கோலைப் பட்டில் சுற்றி வைத்திருந்தார்கள். யாரும் பிரிப்பதில்லை. வைகாசிப் பௌர்ணமி அன்று அதன்மேல் கிணற்று நீரை ஊற்றுவார்கள். நீர் சிவந்து வழியும். தேரரின் அருள் என்று ஊரார் கையேந்திக் குடிப்பார்கள்.

வரிசையில் கிணறு வெட்டுபவர்களின் தெருவுக்குக் கடைசி இடம். அவர்கள் முறை வருவதற்குள் நீர் வெளுத்துவிடும்.

"புண்ணியம் இருந்தால்தானே சிவக்கும்?" என்று முன்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

கீரந்தை அந்தத் தெருக்காரன். நரைத்த பிறகு துவராடை கட்டிப் பிக்குவானவன். இந்த ஆண்டுதான் பிக்குகளோடு முன்வரிசையில் நின்றான். சிவந்த நீரை வாயில் விட்டான். துப்பினான்.

உச்சிக்கு முன் பிக்குகள் உண்ண வேண்டும் என்பதால் ஊற்றுவது நின்றது. கோல் விகாரைத் தலைவர் சுமனத் தேரரின் அறைக்குப் போனது. கீரந்தை பின்னாலேயே போனான். வணங்கவில்லை.

"அது துரு, அடிகளே."

தேரர் கதவைச் சாத்தினார்.

"என் அப்பன் கையில் அந்த வாசம்தான் அடிக்கும். எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். உள்ளே இருப்பது இரும்பு. துரு கரைந்து தீர்ந்ததும் நீர் வெளுக்கிறது."

தேரர் கோலை அவன் முன் வைத்தார்.

"பிரி."

ஈரப்பட்டு ஏழு சுற்று. உள்ளே ஒரு கடப்பாரை. நுனி மழுங்கி, பாதியாகத் தேய்ந்திருந்தது. அப்படித் தேய எத்தனை கோடை ஆகும் என்று கீரந்தைக்குத் தெரியும்.

"ஆதித் தேரர் தோண்டியிருக்கிறார்!"

"ஆமாம்."

"ஒரே தட்டு என்றீர்களே?"

"எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன்."

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"ஒருமுறை பட்டு கிழிந்தது. தைத்தவன் நான். முப்பது வருஷம் இருக்கும்."

கீரந்தை கடப்பாரையைத் தூக்கித் தரையில் ஓங்கிக் குத்தினான். கல் தெறித்தது.

"முப்பது வருஷம்! என் அப்பன் சாகும்போது சோறு கேட்கவில்லை. ஒரு கை சிவப்புத் தண்ணீர் கேட்டான். தன் பாவம்தான் நீரை வெளுக்க வைக்கிறது என்று நம்பியே செத்தான். நான் இந்த ஆடை கட்டியதே அதற்காகத்தான். அவன் தலைமாட்டில் சுவரோடு சாத்தியிருந்தது அடிகளே, இதே போல ஒன்று! ஏன் சொல்லவில்லை?"

"பயம்" என்றார் தேரர். "பட்டுக் கொடுப்பவர்கள்தான் அரிசியும் கொடுக்கிறார்கள்."

மன்னிப்புக் கேட்பார் என்று கீரந்தை காத்திருந்தான். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பான்.

வெளியே மணி அடித்தது. இனி கிணறு வெட்டும் தெருவின் முறை.

"வெள்ளைத் தண்ணீர்க்காரர்களே, வாருங்கள்!" என்று யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது.

கீரந்தை பட்டைக் கையில் எடுத்தான்.

"இப்போது என்ன செய்ய? மறுபடியும் சுற்றிவிடவா?"

தேரர் பட்டை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கடப்பாரையை இப்படியே கடைசியில் நிற்பவன் கையில் கொடு. இது என்னவென்று அவன் ஊருக்குச் சொல்லட்டும்."