பேசாத வாயைக் கட்டியவள்

அந்த மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் வரதராஜுலு வைத்ததுதான் சட்டம். நியூரான்கள் என்னும் நரம்புச் செல்கள் அவருடைய செல்லப்பிள்ளைகள். மூளையின் இன்னொரு வகைச் செல்களான கிளியாவை வளர்க்கும் வேலை, பின்னறையில் தனியாகக் கிடக்கும் மாணவி ஆக்னஸுக்கு. அவளை ஏன் என்று கேட்க அங்கே நாதியில்லை.

ஒருநாள் கூட்டத்தில் அவள் வாய் திறந்தாள். "சார், கிளியாவும் பொட்டலம் பொட்டலமா சேதி அனுப்புது."

"அது நியூரானை ஒட்டிவைக்கிற வெறும் பசைம்மா. பசை பேசுமா?" எல்லோரும் சிரித்தார்கள். "பேசுதுன்னா நிரூபி. ஆனா என் நியூரான்ல கை வைக்கக் கூடாது. அதுக்குப் புதுசா ஒரு சொட்டு மருந்தும் விடக் கூடாது."

"சரிங்க சார். என் பசையில மட்டும் கை வைக்கிறேன்."

"தாராளமா வை!"

கிளியா வளர்ந்த கிண்ணத்து நீரை வடித்துத்தான் அவருடைய நியூரான்களுக்கு ஊட்டுவது வழக்கம். பொட்டலங்களைச் செல்லின் விளிம்போடு பிணைத்து வெளியே கொட்டவைக்கும் புரதத்தை ஆக்னஸ் கிளியாவில் முடக்கினாள். செல்கள் நன்றாகவே இருந்தன. வழக்கம்போல் நீரை வடித்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பேராசிரியர் அலறினார். "என் நியூரானெல்லாம் ஊமையாக் கிடக்கு! என்ன பண்ணித் தொலைச்சே?"

"பேசாத வாயைத்தானே சார் கட்டினேன்?"



"அவிழ்த்து விடும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

கிளியா பேசுகிறது என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பின்னறைக் கதவைத் தட்டத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.