அமிலத்தில் போட்ட துண்டு

மாணவருக்கு வயது நாற்பத்தாறு. ஆசிரியைக்கு முப்பத்தொன்பது.

திருமேனி பதினெட்டு வருஷம் தாலுகா ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கிவிட்டு, மேற்படிப்புக்கென்று நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். அங்கே தாடை அறுவைப் பிரிவின் தலைவி ரெஜினா. அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, திருமேனி ஒரு ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார்.

"கையெழுத்து வேணும் மேடம். வியாழக்கிழமை ஆபரேஷன்."

"யாருக்கு?"

"கோட்டையம்மா. அறுபத்தாறு வயசு. இடது காதுக்கு முன்னாடி கட்டி. தாடை மூட்டுக் குருத்தெலும்புல புற்றுன்னு லேப் சந்தேகப்படுது. இடது பக்கம் பாதித் தாடையை எடுக்கணும்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அப்புறம் பேச வருமான்னு கேட்டாங்க."

ரெஜினா பேனாவை எடுக்கவில்லை. "வரச் சொல்லுங்க" என்றார்.

கோட்டையம்மா தெருக்கூட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷம் கோஷம் எழுப்பிய தொண்டை அவருடையது. அவர் முதல் வரி சொன்னால்தான் ஊர்வலம் நகரும். அந்த வாய் இப்போது ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"ஆ காட்டுங்கம்மா" என்றார் ரெஜினா.

"முப்பது வருஷமா ஆபீசருங்க வாயை மூடு மூடுன்னாங்க. இப்ப நீங்க திற திறங்கறீங்க. எல்லாரும் ஒரு முடிவுக்கு வாங்க."

ரெஜினா சிரித்தார். கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "போதும்மா, எழுந்திருங்க" என்றார்.

கோட்டையம்மா இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, ஒரு மூச்சு விட்டு எழுந்தார்.

"முட்டியில என்ன?"

"அதுவா? அது மறியல் பண்ணின முட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை திடீர்னு வீங்கும். நெருப்பா எரியும். பத்து நாள்ல தானா வடிஞ்சிடும். அதுக்கும் தாடைக்கும் என்னம்மா?"

"தெரியல. படம் எடுத்துப் பார்க்கலாம்."

முட்டியின் எக்ஸ்ரே மதியம் வந்தது. எலும்புகளுக்கு இடையே, குருத்தெலும்பு இருக்கிற இடத்தில், சுண்ணாம்புப் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய வெள்ளைக் கோடு.

திருமேனி அதை வெகுநேரம் பார்த்தார். பல் டாக்டர் முட்டியைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"மூட்டுக்குள்ள சுண்ணாம்புப் படிகம் படியற நோயா?" என்று கேட்டார். "ஆனா மேடம், அது தாடை மூட்டுல வர்றது ரொம்ப அபூர்வமாச்சே. தாடையிலயும் அதுதான்னா, லேப்ல படிகம் தெரிஞ்சிருக்கணுமே. புற்றுச் செல் மாதிரின்னுதானே எழுதியிருக்காங்க?"

"பரிசோதனைக்குன்னு கட்டியிலிருந்து நீங்க வெட்டின துண்டு எப்படி இருந்தது?"

"மணல் மாதிரி நறநறன்னு. கெட்டி."

"என்ன பண்ணீங்க?"

"எப்பவும் பண்றதுதான். லேப்ல கொடுத்தேன். அமிலத்துல ஊறவெச்சு மெதுவாக்கி, சீவிப் பார்த்தாங்க."

பல்லும் எலும்பும் பார்க்கிற லேப்களில் அது வழக்கம். கெட்டியாக எது வந்தாலும் முதலில் அமிலப் புட்டிக்குள் போகும். கத்தி மழுங்கக் கூடாது அல்லவா. கத்தியின் சௌகரியம் முதலில், மற்றது பிறகு. வழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் கேள்வி கேட்கிறவன் கலகக்காரன் ஆகிவிடுகிறான். கேட்காதவன் டாக்டராகிவிடுகிறான்.

ரெஜினா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டை ஒன்றை உரித்து, ஓட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு லேப்புக்கு நடந்தார். திருமேனி பின்னால் போனார். ரெஜினா அமிலத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஓட்டை அதில் போட்டார். குமிழ் கிளம்பியது.

"வாங்க, டீ குடிச்சிட்டு வரலாம்."

டீ குடித்தார்கள். வார்டைச் சுற்றினார்கள். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் வெங்காயத் தோல் போல ஒரு சவ்வு மிதந்தது.

"ஓடு எங்க சார்?"

"கரைஞ்சிடுச்சு."

"முட்டைக்கு ஓடே கிடையாதுன்னு ரிப்போர்ட் எழுதலாமா?"

"படிகம் கரைஞ்ச பிறகு, அதால எரிச்சல்பட்ட செல் மட்டும் மிஞ்சியிருக்கு, அதைத்தான் புற்று மாதிரின்னு எழுதியிருக்காங்க" என்றார் திருமேனி. அவர் காது மடல் சிவந்திருந்தது.

மறுநாள் கோட்டையம்மாவின் தாடை மூட்டுக்குள் ஊசி இறங்கியது. திருமேனி தன் கையை நீட்டி, பிடித்துக்கொள்ளச் சொன்னார். கோட்டையம்மா பிடித்த பிடியில் அவருக்கு விரல் வலித்தது. சிரிஞ்சில் வந்தது ரத்தமல்ல, நீர்த்த சுண்ணாம்பு போன்ற ஒரு சொட்டு. ரெஜினா அதை ஈரம் காயும் முன் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒளியை வடிகட்டும் இரண்டு கண்ணாடிகள் பொருத்திய மைக்ராஸ்கோப்பில் செருகினார். எதுவும் கலக்கவில்லை.

"பாருங்க."

இருட்டு. அந்த இருட்டுக்குள் சாய்ந்த சதுரங்கள், சின்னச் சின்ன ஓடு பதித்தாற்போல, நீலமும் மஞ்சளுமாக.

திருமேனி கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கோட்டையம்மா குரல் கொடுத்தார். "டாக்டர் தம்பி, என் சரக்கை நானும் பார்க்கலாமா, இல்ல அதுக்கும் மனுக் கொடுக்கணுமா?"

கோட்டையம்மாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இதுவா? இத்துணூண்டுக்கா இந்தப் பாடு?" மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றார்.

"புற்று இல்லன்னுதான் தோணுது. ஆனா இன்னொரு துண்டு எடுத்து, அமிலம் படாம பார்க்கச் சொல்றேன். அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் உங்க தாடையில யாரும் கத்தி வைக்க மாட்டாங்க" என்றார் ரெஜினா.

அந்த ஆஸ்பத்திரியில் ஏழைக்கு வரிசையில் நிற்காமல் கிடைத்தது கத்தி ஒன்றுதான். முதல் தடவையாக அது நிறுத்தி வைக்கப்பட்டது. கோட்டையம்மா ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை மெதுவாக.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை. படிகம் மட்டுமே. மூட்டைத் திறந்து, படிந்ததைச் சுரண்டிக் கழுவி மூடினார்கள். தாடை இருந்த இடத்தில் இருந்தது. மூன்றாம் வாரம் கோட்டையம்மா இரண்டு விரல் அகலம் வாய் திறந்து, வார்டில் தோசை கல்லாட்டம் இருக்கிறதென்று சமையல்காரரோடு சண்டை போட்டார்.

அன்று திருமேனி கேட்டார்:

"மேடம், இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

ரெஜினா எழுந்து வெளிநோயாளிகள் பகுதிக்குப் போனார். ஜன்னலோரப் பெஞ்சில் ஒரு பெரியவர், மோவாயில் கைக்குட்டையை ஒற்றியபடி இருந்தார். முகத்தின் வலது பாதி உள்ளே ஒடுங்கியிருந்தது. ரெஜினாவைக் கண்டதும் அவர் கண்கள் சிரித்தன.

"மாடக்கண்ணு அண்ணன்" என்றார் ரெஜினா. "மார்க்கெட்டுல மூட்டை தூக்கினவர். மாசம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவார்." பெரியவருக்கு வணக்கம் சொல்லி, புதுக் கைக்குட்டை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, திருமேனியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இவர் துண்டையும் அமிலத்துலதான் போட்டேன். புற்றுன்னு நம்பித் தாடையை எடுத்த பிறகு, அந்தத் தாடையிலிருந்தே ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். நீங்க பார்த்த அதே படிகம்தான்."

திருமேனி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்குத் தெரியுமா?"

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கே சொல்லிட்டேன். பக்கத்துல உட்கார்ந்து, அழுதுகிட்டே சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'நீ சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டார். அதைக் கேட்டு முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆச்சு. முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்."