மூணாவது சீல்

"நான் போட்ட மூணாவது சீலும் ஒழுகுதுங்க மேஸ்திரி. நான் கெளம்பறேன்."

ஆறுச்சாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். நாற்பத்தாறு வயசு. மில்லை மூடினதும் கார் ஏசி வேலை கத்துக்க வந்தவர். மேஸ்திரி ஷமீலாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

ஷமீலா எட்டிப் பார்த்தாள். கழற்றின கம்ப்ரசர் மேசைமேல் கிடந்தது. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், கசிவு பார்க்கத் தடவின சோப்பு நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. அந்த இடத்தில் கேஸ் வெளியே போகாமல் பிடிக்கிற ரப்பர்தான் சீல். பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

"எண்ணெய் தடவினீங்களாண்ணா?"

"தடவினேன்."

"விரல் படாம வச்சீங்களா?"

"மூச்சுகூட விடலீங்க."

பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து காளியப்பன் சிரித்தான்.

"அந்தக் கை பட்டா புது வண்டியே ஒழுகும் மேஸ்திரி. போணி வண்டிய மட்டும் தொட விட்றாதீங்க."

ஆறுச்சாமி சண்டைக்குப் போகவில்லை. இரண்டாவது சீல் ஒழுகின நாளிலிருந்து காலையில் வரும் முதல் வண்டியை அவர் தொடுவதே இல்லை. ராசியில்லாத கை என்று முதலில் காளியப்பன் சொன்னான். இப்போது அவரே சொல்கிறார்.

"மில்லுல இருந்தேன், மூடிட்டாங்க. இங்க வந்தேன், ஒழுகுது. இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எங்கீங்க போறது?"

ஷமீலா ஸ்பேனரை எடுத்தாள். கம்ப்ரசரைப் பிரித்தாள். ஷாஃப்டை உருவித் துடைத்தாள். பாதியில் அவள் கை நின்றது.

அப்படியே அவரிடம் நீட்டினாள்.

"நகத்தை வச்சு இழுங்க."

இழுத்தார். வழுவழுவென்று போன நகம் ஓரிடத்தில் டக்கென்று மாட்டியது.

"பள்ளம்."

"பழைய சீல் அறுத்தது. இதுல எந்தப் புதுச் சீலும் நிக்காது."

"ரப்பரா? இரும்பையா?"

"எட்டு வருஷம் ஒரே எடத்துல ஒரசியிருக்கு."

"அப்ப இந்த கம்ப்ரசர்?"

"காயலான் கடைக்குத்தான்."

ஆறுச்சாமி மறுபடி இழுத்தார். மறுபடி மாட்டியது.

"தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தீங்களா மேஸ்திரி?"

"இல்லண்ணா. இப்பத் துடைக்கும்போதுதான் தெரிஞ்சுது."

"பின்ன எதுக்கு இந்த வண்டிய எங்கிட்டக் குடுத்தீங்க?"

ஷமீலா துணியை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இதே கம்ப்ரசருக்கு ரெண்டு சீல் நான் போட்டேன். ரெண்டும் ஒழுகுச்சு."

"அதுக்கு?"

"என் கைக்கு ராசியில்லைன்னு உங்ககிட்டக் குடுத்தேன்."