தேடப் போன நாற்பது பேர்

முன்னொரு காலத்தில், பேர் சொல்ல வேண்டாத ஒரு நாட்டில், ஒரேயொரு சொல்லுக்கு மட்டும் தடை இருந்தது. ‘கிடைக்கவில்லை’ என்பது அந்தச் சொல். தேடலாம், துழாவலாம், மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிக்கலாம். கிடைக்கவில்லை என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. மடைப்பள்ளியில் உப்புத் தீர்ந்துபோனால்கூட, “உப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம் பிரபு” என்பார்கள். அரசரும் உப்பில்லாத சோற்றைப் பேசாமல் உண்டுவிட்டு எழுந்து போவார்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரே மகன், ஆடி வெள்ளத்தில் படகோடு போய்விட்டான். கவிழ்ந்த படகு மட்டும் காட்டுக்குள் கரை ஒதுங்கியது. ஊருக்கெல்லாம் தெரிந்த சேதியை ஏற்க அந்தத் தகப்பனுக்கு மட்டும் மனம் வரவில்லை. “தேடுங்கள்” என்றார்.

தளவாய் அரசப்பன் எரிகிற வீட்டில் குளிர் காய்கிற ஆள். உடனே ஓர் ஆணையைச் செப்பேட்டில் வெட்டுவித்தார். எவர் பிள்ளை காணாமற்போனாலும் சரி, ஒரு பிள்ளைக்கு நாற்பது பேர் தேடப் போக வேண்டும். கண்டுபிடிக்காமல் திரும்பினால் தலை போகும். ‘எவர் பிள்ளையானாலும்’ என்று சேர்த்ததெல்லாம் அரசரை நீதிமான் என்று நாலு பேர் மெச்சுவதற்காகத்தான். நாற்பது இளைஞர்கள் காட்டுக்குள் போனார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. ஒருவரும் திரும்பவில்லை, எப்படித் திரும்புவார்கள்?

அவர்களுடைய தாய்மார் கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் அரசவை விகடன் இடும்பன் தினமும் அரண்மனைக்குள் போவான். நாட்டையே நடுங்க வைக்கும் அரசரை நாலு வார்த்தையில் சிரிக்க வைத்தவன்தான். இப்போதோ தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவன் கழுத்தும் கழுத்துதானே.

ஒருநாள் சபையில் தளவாய் எழுந்தார். “பிரபு, நாற்பது பேர் மூளையும் இடும்பனின் ஒரு மூளைக்கு ஈடாகாது. அவனையே அனுப்பினால் இளவரசரைக் கையோடு அழைத்து வந்துவிடுவான்.”

அரசர் தலை நிமிர்ந்தார். அந்தக் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்து இடும்பனுக்கு அழுகை வந்தது. “நாளைக்கே புறப்படு” என்றார் அரசர். தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் இடும்பன் ஓலைக்கட்டோடு சபைக்கு வந்தான்.

“பிரபு, செப்பேட்டின்படி ஆள் சேர்க்க வந்தேன். ஆயிரத்து அறுநூறு பேர் வேண்டும்.”

“எதற்கு அத்தனை பேர்?”

“இளவரசருக்கு நாற்பது பேர் போயாயிற்று. அந்த நாற்பது பேரும் இன்று காணாமற்போன பிள்ளைகள். எவர் பிள்ளையானாலும் நாற்பது பேர் என்பது தங்கள் ஆணை. கோட்டையைச் சுற்றி இளந்தாரிகளைப் பொறுக்கினேன். முதல் மூன்று பெயர் தளவாயின் புதல்வர்கள். மூவரும் வாசலில் கட்டுச்சோற்றோடு நிற்கிறார்கள்.”

தளவாயின் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. “பிரபு! அந்தக் காட்டில் விஷக்காய்ச்சல்! போனவன் எவன் திரும்பினான்?”

“திரும்பாவிட்டால் என்ன, தளவாயே? அந்த ஆயிரத்து அறுநூறு பேரையும் தேட அறுபத்து நாலாயிரம் பேர் போவார்கள். நம் நாட்டில் அவ்வளவு ஆண்கள் இல்லை. எதிரி நாட்டு அரசரிடம் கொஞ்சம் கைமாற்றாக வாங்கலாம் என்றிருக்கிறேன். தேடி முடித்ததும் மிச்சம் இருப்பவர்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.”

அரசரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்த சிரிப்பு தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சபையில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“என் மகன் கிடைக்க மாட்டான். அப்படித்தானே, இடும்பா?”

“கிடைக்க மாட்டார், பிரபு.”

அன்றே செப்பேட்டை உருக்கினார்கள். காட்டு விளிம்பெங்கும் பறையறைந்து ஆட்களைத் திரும்ப அழைத்தார்கள். அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். தளவாய்கூட அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் தாடியும் எலும்புமாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். முப்பத்தேழு பேர்தான் வந்தார்கள்.

வாசலெல்லாம் ஒரே அழுகையும் கும்மாளமுமாக இருந்தது. ஆளாளுக்கு இடும்பனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சடைச்சி என்கிற அம்மாள் வந்தாள். அவளோடு நிற்க யாரும் இல்லை.

“ஐயா, ஒங்க புத்தியாலதான் எல்லாரும் வந்தாங்கன்னு பேசிக்கிறாங்க. நல்லாயிருங்க. எம்புள்ள எட்டு நாளைக்கு முந்திவரைக்கும் உசுரோடதான் இருந்தானாம். கூடப் போனவங்க சொன்னாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஒண்ணு கேக்கணும். இந்த ரோசன ஒங்களுக்கு எப்பய்யா வந்துச்சு?”

சபைக்கு வந்த அன்றுதான் என்று சொல்லிவிடலாம். அரசரிடமே ஆயிரம் பொய் சொல்லிப் பிழைத்த வாய் அது.

“புரட்டாசியிலேயே வந்துடுச்சும்மா” என்றான் இடும்பன்.

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தாள், மகனைப் புதைத்த இடத்தைத் தேடி.