ஜன்னலடியில் நட்ட கொடி

கொடைக்கானல் மாதா கோயிலில் இருந்த லெமுவான் சாமியார், மலைச்செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவருக்குச் செடி பறித்துத் தந்த சடையன், "நீங்க ரெண்டுன்னு எழுதினது ஒரே கொடிதான் சாமி. இளசுல சின்ன இலை, ஏறினா பெரிய இலை" என்றான்.

"எழுத்தே தெரியாத நீ என்னைத் திருத்துகிறாயா? இரண்டு இலையையும் ஒரே வேரில் காட்டு. அதுவரை இங்கே வராதே."

சடையன் அவர் ஜன்னலடியில் ஓர் இளங்கொடியை நட்டுவிட்டுத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று வருஷத்தில் கொடி கூரையைத் தொட்டது. கீழே சின்ன இலை, மேலே பெரிய இலை. சாமியார் மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனார். சடையன் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"'நான் சொன்னா சாமி கேக்காது, கொடி சொன்னா கேட்டு வரும்'னு சொல்லிட்டே இருந்தாரு" என்றாள் அவன் மனைவி. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் சாமி."