நேசப்பூ வச்ச ஸ்தோத்திரக் கூட்டம்

ஒரு ஊர்ல ஒரு நேசப்பூ இருந்தா. தேரிக்காட்டு ஊரு. எங்க பார்த்தாலும் செம்மண்ணு, முருங்கை மரம், நடுவுல ஓடு போட்ட சின்ன வேதக்கோயிலு. ஏலே, காலைத் தூக்கி அத்தை மேல போடாத. "ம்" சொல்லணும், கேட்டியா, சொல்லலன்னா கதை அங்கனயே நின்னுரும். ம்... அப்படித்தான்.

நேசப்பூவுக்குப் புருசன் வேதமாணிக்கம், உப்பு லாரி ஓட்டுதவரு. தூத்துக்குடியில உப்பை ஏத்திட்டு வடக்க போவாரு. வீட்டுல நேசப்பூவும் அவ மாமியா ஞானதீபமும்தான். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. மாமியா தெக்க பார்த்து உக்காந்தா இவ வடக்க பார்த்து உக்காருவா. குழம்புல உப்புக் கூடிட்டுன்னு ஒரு சண்டை, குறைஞ்சிட்டுன்னு ஒரு சண்டை.

அப்போ ஒரு மழைக்காலம் வந்துது. சோன்னு ஊத்துது. வடக்க போன மனுசன் போன்ல பேசுதாரு, "ஏட்டி, இங்க ஆத்துப் பாலத்து மேல தண்ணி..." அம்புட்டுதான். டொக். கட்டாயிட்டு. நேசப்பூ திருப்பி அடிக்கா, யாரோ ஒரு பொம்பள இந்தியில என்னமோ சொல்லுதா. திரும்பவும் அடிக்கா, அதே பொம்பள, அதே பேச்சு. என்ன, ம் காணோம்? ம்.

அன்னைக்குப் போச்சு அவ தூக்கம். ராத்திரி பூரா ஜெபம் பண்ணுவா. அடேயப்பா, அது ஜெபமா, சண்டை. "ஆண்டவரே, அவியள எங்க வச்சிருக்கீரு, சொல்லும், இப்பமே சொல்லும்"னு அவ போடுத சத்தத்துல பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் முழிச்சுக்கிடும். அதுலயும் ரெண்டு கண்ணையும் மூட மாட்டா. ஒரு கண்ணு ஆண்டவருக்கு, ஒரு கண்ணு போனுக்கு. எப்படி இருக்கும், சொல்லு.

அப்புறம் ஒருநாள் லாரி முதலாளிகிட்ட இருந்து ஆள் வந்தாரு. லாரி ஆத்துக்குள்ள கவுந்து கெடக்காம், உப்பெல்லாம் தண்ணியோட கரைஞ்சு போச்சாம், வண்டிக்குள்ள ஆளைக் காணோமாம். செத்துட்டாருன்னும் சொல்லல, இருக்காருன்னும் சொல்லல. நேசப்பூ கையில இருந்த செம்பு ணங்குன்னு விழுந்து உருண்டு போச்சு. அது ஒண்ணு.

அப்புறம் ஒருநாள் வெளிய வந்து பார்க்கா, கொடியில ஒரு வெள்ளைச் சேலை. மாமியா பெட்டிக்குள்ள இருந்து எடுத்து, படார் படார்னு உதறிக் காயப் போட்டிருக்கா. இது யாருக்குன்னு நேசப்பூ கேட்டதுக்கு, "ஒனக்குத்தான். எதுக்கும் இருக்கட்டும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நேசப்பூ அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. கிழவி மனசு கல்லுன்னு நெனைக்காதலே. அது பயம். பயந்தவ எல்லாத்தையும் முன்னக்கூட்டியே எடுத்து வச்சுக்கிடுவா. அது ரெண்டு.

மூணாவதா வந்தாரு கோயில்ல ஜெபம் நடத்துத உபதேசியாரு, பொன்னையா. நல்ல மனுசன்தான், வாய்தான் கொஞ்சம் அவசரம். வந்தாரு, உக்காந்தாரு, தொண்டையைச் செருமுனாரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல ஜெபிக்கும்போது எப்படிச் சொல்லணும்னு கேக்காரு. பிரயாணத்துல இருக்கவுகளோட சேர்த்துச் சொல்லவா, இல்ல துக்கத்துல இருக்க குடும்பம்னு சொல்லவா? கேட்டதும் நேசப்பூ, நான் பொண்டாட்டியா, தாலி அறுத்தவளான்னு எனக்கே தெரியலியே, நான் என்னத்தச் சொல்லுவேன்னு அழுதா பாரு, உபதேசியாரு செருப்பை மாட்டக்கூட நிக்காம ஓடிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி அவளுக்குச் சண்டை போடவும் தெம்பு இல்ல. போனை எடுத்தா, வேதப்புஸ்தகத்து மேல வச்சா. "ஆண்டவரே, எனக்குக் கழியல, இனி முடியல. அவிய எங்கன்னு ஒமக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போன் அடிச்சா நீரே எடுத்துப் பேசும்"னா. ரெண்டு கண்ணையும் மூடுனா. அம்புட்டுதான், தூங்கிட்டா. அவளுக்கே தெரியாது எப்படித் தூங்குனான்னு. ம்.

விடிஞ்சு போச்சு. கோழி கூவி, ஆடு கத்தி, பால்காரன் மணியடிச்சுட்டுப் போயாச்சு, இவ எந்திரிக்கல. மாமியா வந்து பார்த்தா. அய்யய்யோ, பிள்ளை போயிட்டாளேன்னு ஒரு பானைத் தண்ணியைத் தூக்கி சளார்னு மூஞ்சியில ஊத்திட்டா. நேசப்பூ விருட்டுன்னு எந்திரிச்சா. எந்திரிச்சவ என்ன செஞ்சா தெரியுமா? தலையைத் துவட்டிட்டு நேரா போய் ஊர் முழுக்கச் சொல்லிட்டா, இன்னைக்குச் சாயங்காலம் நம்ம வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டம், எல்லாரும் வாங்கன்னு.

ஸ்தோத்திரக் கூட்டம் எப்பம்லே வைப்பாவ? சீக்கு சொகமானா, புள்ள பொறந்தா, கேட்டது கெடைச்சா வைப்பாவ. அப்போ ஊரு என்ன நெனைக்கும்? வேதமாணிக்கம் கெடைச்சாச்சுன்னு ஒரே சந்தோசம். கெழடு கட்டை, கைப்புள்ள, நண்டு சிண்டு எல்லாம் வந்தாச்சு. இவ சுண்டல் அவிச்சு, சுக்குக் காப்பி போட்டு வச்சிருக்கா. மாமியா மட்டும் மூலையில உம்முன்னு உக்காந்திருக்கா.

பாட்டுப் பாடியாச்சு. உபதேசியாரு சிரிச்ச மொகமா, சாட்சி சொல்லும்மா, கர்த்தர் என்ன நன்மை செஞ்சாருன்னு கேட்டாரு.

நேசப்பூ எந்திரிச்சா. "அவியளப் பத்தி இன்னும் ஒரு சேதியும் வரல. ஆனா நேத்து நான் தூங்குனேன். என் ஆண்டவரு என்னத் தூங்க வச்சாரு. அதுக்குத்தான் ஸ்தோத்திரம்."

சனம் அப்படியே வாயைப் பொளந்துட்டு. ஒருத்தரு கையில காப்பி தம்ளரு அந்தரத்துல நிக்கி. அப்புறம் கசமுசா கசமுசான்னு பேச்சு. புருசனைக் காணோம், இவ தூங்குனாளாம், அதுக்குச் சுண்டலாம், புத்தி பெரண்டு போச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. அப்போ மூலையில இருந்து ஞானதீபம் எந்திரிச்சா. தாட்டியான கிழவி. விறுவிறுன்னு மருமக கிட்ட வாரா. போச்சு, அறையப் போறான்னு எல்லாரும் மூச்சைப் புடிச்சிட்டு இருக்காவ.

கிழவி வந்து நின்னா. மொகம் கோணுது, கண்ணுல தண்ணி. "ஏட்டி, அவன் நான் பெத்த புள்ள. எனக்கும்தான் கண்ணு மூடல. எனக்கும் ஒரு பாயைப் போடு. ஒம் பக்கத்துலயே போடு."

நேசப்பூ பாயை விரிச்சா. அம்புட்டுக் கூட்டத்துக்கும் நடுவுல கிழவி படுத்தா. மருமக கையை எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல கொர்ர்... கொர்ர்... வந்தவுக சுண்டலை மடியில கட்டிக்கிட்டு, ஒரு சத்தம் இல்லாம கெளம்பிட்டாவ. உபதேசியாரு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனாரு.

என்ன? வேதமாணிக்கம் வந்தாரான்னா கேக்க? வந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு, கட்டு போட்ட காலோட, கம்பை ஊனிக்கிட்டு, விடியற நேரத்துல வந்தாரு. தண்ணி அவரை அடிச்சிட்டுப் போய் அக்கரையில போட்டுட்டு. பாஷை தெரியாத ஊரு. நம்பரெல்லாம் போனுக்குள்ள, போன் ஆத்துக்குள்ள. கால் முறிஞ்ச வலியைவிட அவருக்கு வேற வலி. நம்ம அம்மை தூங்காமலே செத்திருப்பாளே, நம்ம பொண்டாட்டி பைத்தியமாயிருப்பாளேன்னு வழி நெடுக அதே நெனப்பு. பயந்து பயந்து சன்னல்ல எட்டிப் பார்த்தாரு.

உள்ள ரெண்டு பேரும் தூங்குதாவ. ஒரே போர்வையில.

மனுசன் அப்படியே அசந்து போயிட்டாரு. இதுக தெக்கயும் வடக்கயும் பார்த்து உக்காருத ஆளுகல்லா. நம்ம இருக்கமா செத்தமான்னு ஒரு சேதியும் தெரியாமலே இப்படித் தூங்குதாளுவளேன்னு படியில உக்காந்து, வாயைப் பொத்திக்கிட்டு அழுதாரு, அழுதாரு, அம்புட்டு அழுதாரு. எழுப்பல. தானா முழிக்கட்டும்னு வெயில் ஏறுத வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்தாரு.

ஏலே... ம் சொல்லு. ஏலே... சரி. கதையும் கண்ணசந்துட்டு, கேட்டவனும் கண்ணசந்துட்டான். ஆண்டவரே, இனி நீரு பாத்துக்கிடும்.